கோட்டுக்கு வெளியே நில்லுங்கண்ணா

2023 ஜனவரி 10. ரஞ்சிக் கோப்பையில் சென்னைப் பெண் ஜனனி நாராயணன் சூரத்தில் ரயில்வேஸ் – திரிபுரா ஆட்டத்துக்கு அம்பயர். ஜாம்ஷெட்பூரில் காயத்ரி வேணுகோபாலன், கோவாவில் விருந்தா ராதி. 1934இல் சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் ஆடித் தொடங்கிய போட்டியில், பெண்கள் களத்தில் நின்று தீர்ப்பு சொன்னது அப்போதுதான் முதல்முறை. அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு ஏனோ காஞ்சிபுரத்துக் கபடி ஆட்டமொன்று நினைவுக்கு வந்தது.

குறுவட்டப் போட்டி, ஆண்கள் இறுதியாட்டம். விசில் ஊத வேண்டிய சார் வரவில்லை. எங்கள் பி.டி. மிஸ் விசிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். கடைசி நேரம், ஒரு புள்ளி வித்தியாசம். பாடிப் போன பையன் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டுக் கை தூக்கினான். மிஸ் போனஸ் கொடுக்கவில்லை. முன்னங்கால் கோட்டைத் தாண்டும்போது பின்னங்கால் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும், எழும்பவில்லை. கூட்டம் கத்தியது. பெரியவர் ஒருவர் ஆடுகளத்துக்குள்ளேயே வந்து, "வுடும்மா, ஆம்பளப் பசங்க ஆட்டம், நாங்க பாத்துக்கறோம்" என்றார். "கோட்டுக்கு வெளிய நின்னு பேசுங்கண்ணா" என்றார் மிஸ். குரல் உயரவில்லை. அவர் வெளியே போனார்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்தான். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. அப்பா தறிக்குழியில் இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவது அம்மா. உடலும் கரையும் கோக்கும் இடத்தில் ஓர் இழை பிசகினாலும் முதலில் அம்மா கண்ணில்தான் படும். ஆனால் கூலிப் புத்தகத்தில் அப்பா பெயர். சேலையை விரித்துப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொன்னவர்களும் ஆண்களே. பழுதைக் கண்டுபிடிக்கும் கண் அம்மாவிடம் இருந்தது. தீர்ப்பு சொல்லும் இடம் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஜனனிக்கும் அந்த இடம் லேசில் கிடைக்கவில்லை. அம்பயராக விடுங்கள் என்று தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டிருக்கிறார். 2015இல்தான் பெண்களை அனுமதிக்கும்படி விதி மாறியது. 2018இல் கிரிக்கெட் வாரியத்தின் இரண்டாம் நிலைத் தேர்வில் தேறினார், ஐ.டி. வேலையை விட்டார். ஆட்டத்தை உற்றுப் பார்க்கும் திறமை 2015இல் திடீரென்று முளைத்துவிடுமா? விதிதான் தாமதமாக வந்தது.

ஆந்திரத்தின் ஜி.எஸ். லட்சுமி 2019இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் முதல் பெண் மேட்ச் ரெஃப்ரி ஆனார்; அதே ஆண்டு டிசம்பரில் ஷார்ஜாவில் ஆண்கள் ஒருநாள் ஆட்டத்துக்கே பொறுப்பேற்றார். நம் திண்டுக்கல் ரூபா தேவி கால்பந்தில் ஃபிஃபா நடுவர் ஆனவர். 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் ஜெர்மனி – கோஸ்டாரிகா உலகக்கோப்பை ஆட்டத்துக்கு விசில் ஊதியவர் பிரான்ஸின் ஸ்டெஃபனி ஃபிராப்பார். ஆண்கள் உலகக்கோப்பையில் அப்படி நின்ற முதல் பெண். இவர்களுக்குச் சலுகை எதுவும் இல்லை. ஆண்கள் கால்பந்தில் நடுவராக இறங்கும் பெண், ஆண்களுக்கான ஓட்டத் தேர்வில்தான் தேற வேண்டும்.

2025 மகளிர் கிரிக்கெட் உலகக்கோப்பையில் நடுவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஜனனி, காயத்ரி, விருந்தா மூவரும் அதில் இருந்தார்கள். மனம் நிறைந்தது. ஆனாலும் அது பெண்கள் ஆட்டம். சூரத்தில் நடந்தது எனக்கு இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே ஆடியவர்கள் ஆண்கள்.

எங்கள் மிஸ் அந்த ஒரு ஆட்டத்துக்குப் பிறகு ஆண்கள் இறுதியாட்டத்தில் விசில் ஊதி நான் பார்க்கவில்லை. அவரைப் போன்ற உடற்கல்வி ஆசிரியைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வெயிலில் நின்று, விதி தெரிந்து, தினம் விசில் ஊதுகிறவர்கள். நடுவர் தேர்வுக்கு அவர்களை அனுப்புங்கள், பயணப்படி கொடுங்கள், மாணவர் ஆட்டங்களையும் அவர்களிடம் ஒப்படையுங்கள். அடுத்த குடியரசு தினப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் உங்கள் மாவட்டத்து ஆண்கள் இறுதியாட்டத்துக்கு யார் நடுவர் என்று விசாரியுங்கள். பெண் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.