விசில் ஊதாத குற்றம்

ஆலங்குடி டீக்கடைப் பெஞ்சில் இரண்டு கால்பந்துப் பித்தர்கள் 2004-ஆம் வருஷத்துப் பந்தயத்தை இன்னும் விட்டபாடில்லை. பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டம். டெம்போவின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கோல் போட்ட கையோடு மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலுடன் மோதி விழுந்தார். அன்றே உயிர் பிரிந்தது. பிற்பாடு சம்மேளனம் விசாரித்து, பாலுக்கு இரண்டு மாதத் தடை விதித்தது.

“ரெஃபரியே ஃபவுல்னு சொல்லலை. அப்புறமென்ன தண்டனை, அண்ணே?”

“உசிரு போயிருக்கு தம்பி, ரெண்டு மாசந்தானா?”

இருவருமே சாவைத்தான் அளக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. விழுந்தவர் தூசி தட்டிக்கொண்டு எழுந்திருந்தால் விசாரணை ஏது? அந்தக் கைகள் பந்தை நாடினவா, ஆளை நாடினவா? கேட்கவேண்டியது அதை மட்டுந்தான். பால் பின்னர் 2011 ஆசியக் கோப்பையில் இந்தியாவின் கோலைக் காத்தார். டெம்போ, கிறிஸ்டியானோவின் 10-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.