பெரியப்பாவின் மைசூர் ரோடு

சூரமங்கலத்தில் பிறந்தவர்களுக்கு மலை ஒரு புதுமையே இல்லை. மாடியில் ஏறினால் வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை. சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் ஏற்காடு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பார்கள். கையைக் காட்டிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம். காடு என்று எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அது ஏற்காட்டைக் குறிக்காது. மைசூர் ரோட்டைத்தான் குறிக்கும்.

அந்த ரோடு பெரியப்பாவுடையது. அப்படித்தான் சின்ன வயதில் நம்பியிருந்தேன். சங்ககிரியில் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டினார். சிமெண்டோ ஜவ்வரிசியோ மஞ்சளோ ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழியாக மைசூர் போய், அங்கே கிடைக்கிற லோடை ஏற்றிக்கொண்டு திரும்புவார். வீட்டுக்கு வந்தால் காக்கிச் சட்டையில் டீசல் வாசமும் பீடி வாசமும் வரும். சாப்பிட்டு முடித்ததும் திண்ணையில் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பிப்பார். "ஆறாவது வளைவுல பாரு கண்ணு, ஒரு ஆனை குட்டியோட நிக்குது…"

எண்பதுகளின் நடுவில், வருஷத்தில் எப்போதாவது ஒரு சனிக்கிழமை, முதலாளியின் அம்பாசடரை இரவல் வாங்கிக்கொண்டு வருவார். அப்பா ரயில்வேக்காரர். டூட்டி முடிந்து அவர் வந்து சேர்வதற்குள் அம்மா புளிச்சோற்றைக் கிளறி வாழை இலையில் கட்டியிருப்பாள். தூக்குப்போசியில் தயிர்ச்சோறு, ஒரு பொட்டலம் தட்டுவடை, மாம்பழக் காலமென்றால் கூடையில் மாம்பழம். பின் சீட்டில் நாங்கள் குழந்தைகள் ஒருவர் மடியில் ஒருவர். பந்திப்பூருக்குப் போய்ப் புலி பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு. புலிகளைக் காக்க 1973-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் முதலில் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் பந்திப்பூரும் ஒன்று. அதனால் புலி என்றால் அங்கேதான் இருக்கும் என்பது எங்கள் தெருவின் முடிவு.

சங்ககிரி தாண்டும்போது பெரியப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மலைக்கோட்டையைப் பார்த்துக் கும்பிடுவார். தீரன் சின்னமலையை வெள்ளைக்காரன் 1805-இல் தூக்கில் போட்ட இடம். குமாரபாளையம் பாலத்தில் காவிரி. பவானியில் கூடுதுறைப் பக்கம் திரும்பி அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதற்கப்புறம் பவானி ஆறு எங்களை விடவே விடாது. கண்ணில் படாவிட்டாலும் வாய்க்காலாகவும் வயலாகவும் கூடவே வரும். கவுந்தப்பாடியில் கரும்புப் பால் கொதிக்கும் வாசம் காருக்குள் புகும். நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிற ஊர். கோபியில் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் வருகிற தண்ணீர் அது. சேலத்தின் வறட்டு மண்ணைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பச்சையே ஒரு வெளிநாடு. தண்ணி எங்கிருந்து வருது என்று கேட்டால் பெரியப்பா காரின் மூக்குக்கு நேரே மோவாயைக் காட்டுவார். "நாம போற எடத்துலிருந்துதான் கண்ணு."

அதன் பொருள் எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. நீலகிரியிலிருந்து இறங்கும் மோயாறு, ஆழமான பள்ளத்தாக்கு வழியாக ஓடி வந்து பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் முதுமலை, இன்னொரு பக்கம் பந்திப்பூர், கிழக்கே சத்தியமங்கலம் காடுகள். கோபி வயலில் விளைகிற நெல்லுக்குத் தண்ணீர் வார்ப்பது யானை நடக்கிற காடு.

சத்தியமங்கலத்தில் டீ குடித்துவிட்டுப் பண்ணாரி வந்து சேர இருட்டிவிடும். மாரியம்மன் கோவில் வாசலில் வண்டியை நிறுத்தாமல் மலை ஏறுகிற டிரைவரை அன்றைக்கு நான் பார்த்ததில்லை. லாரிகள் வரிசையாக நிற்கும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். அங்கே திருநீற்றுக்குப் பதிலாகப் புற்றுமண் தருவார்கள். பெரியப்பா அதைத் தம் நெற்றியிலும், அம்பாசடரின் கண்ணாடியிலும், எங்கள் எல்லோர் நெற்றியிலும் இழுப்பார். பங்குனிக் குண்டத்துக்கு லட்சக்கணக்கான பேர் திரளுகிற கோவில் அது. ஆனாலும் எனக்கு அது இரவில் லாரி டிரைவர்களின் கோவில். மேலே போகிறவனும் கீழே இறங்கி வந்தவனும் அங்கேதான் சேதி மாற்றிக்கொள்வார்கள். எங்கே வண்டி ஒதுங்கிக் கிடக்கிறது, எந்த வளைவில் ஆனை நிற்கிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது. போன் இல்லாத காலத்தில் ஒரு மலைக்கான சேதி அந்த வாசலில் வாய்வழியாகவே ஓடியது.

அங்கிருந்து இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். லோடு லாரி ஒன்று திரும்ப முடியாமல் வளைவில் முனகிக்கொண்டு நிற்கும். கிளீனர் பையன் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவான். சக்கரம் ஒரு சாண் பின்னால் உருண்டால் அவன்தான் கட்டையைச் செருக வேண்டும். பெரியப்பாவும் அப்படிக் கட்டை போட்ட பையனாகத்தான் அந்த மலையில் தொடங்கினார். அதனால் ஒவ்வொரு கிளீனரையும் கடக்கும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாத்துப் போடு சாமி" என்பார்.

யானை விஷயத்தில் அவருடைய சட்டங்கள் கடுமையானவை. ஹாரன் கூடாது. விளக்கை மங்கலாக்க வேண்டும். எஞ்சினை அணைக்கக் கூடாது. வண்டிக்கும் யானைக்கும் நடுவே, வந்த வழியே பின்னால் போகிற அளவு இடம் விட வேண்டும். யாரும் பேசக் கூடாது, அழவும் கூடாது. ஒரு முறை மேல் வளைவு ஒன்றில் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. முதலில் ஒரு பெரிய பெண் யானை வந்து நடுரோட்டில் நின்றது. மங்கிய வெளிச்சத்தில் அதன் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அதற்குப் பின்னால் மற்றவை, நடுவில் குட்டிகள். புதர் முறிகிற சத்தம், மூச்சு விடுகிற சத்தம், பச்சை இலையும் சாணமும் கலந்த வாசம். அம்மா என் வாயைப் பொத்தியிருந்தாள். எல்லாம் கடந்த பிறகும் அந்தப் பெண் யானை கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தபடியே நின்றுவிட்டுத்தான் போனது. "ஏனுங்க மாமா, இனி போலாமுங்களா?" என்று அம்மா கேட்டாள். "இரு அம்மிணி. இன்னொண்ணு வரும்" என்றார். வந்தது. பின்தங்கிய ஒரு இளங்கொம்பன், ஓட்டமும் நடையுமாக.

மறுநாள் பந்திப்பூரில் வனத்துறை வண்டியில் சுற்றினோம். புள்ளிமான்கள், மயில்கள், ஒரு குரங்குக் கூட்டம். புலி கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே எப்போதுமே கிடைக்கவில்லை. பலகை வைத்த காட்டுக்குப் போகும் வழியில், பலகை இல்லாத காட்டைக் கடந்துகொண்டிருந்தோம். திம்பம், ஆசனூர், தலமலை என்று பரந்து கிடந்த அந்தப் பெருங்காட்டைச் சேலத்தில் யாரும் வேடிக்கைக்குரிய இடமாக எண்ணியதில்லை. அது வழி. லாரி போகிற வழி. நான் உண்மையில் பார்த்த காடு அதுதான்.

திரும்பும்போது பகல். திம்பத்தின் மேல் வளைவில் நிறுத்தினால் கீழே சமவெளி முழுக்க விரியும், பவானிசாகர் நீர் தகடாக மின்னும். அதற்கு மேல் பெரிய பறவைகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிடும். பாறு. எங்கோ மாடு செத்துக் கிடக்கிறது என்பார் பெரியப்பா. அவ்வளவு சாதாரணமாக அண்ணாந்து பார்த்த பறவை, தொண்ணூறுகளில் இந்தியா முழுக்கச் சரிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2006-இல் அரசு தடை போட்டபோது பெரும்பாலானவை போய்விட்டன. தென்னாட்டில் அவை இன்றும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற மிகச் சில இடங்களில் மோயாற்றுப் பள்ளத்தாக்கு ஒன்று. இப்போது அங்கே ஒரு பாறு பறந்தால் ஆராய்ச்சியாளர்கள் குறிப்பெடுக்கிறார்கள். நாங்கள் தட்டுவடை தின்றுகொண்டே பார்த்தோம்.

பிறகு பயணம் நின்றது. அந்தக் காட்டில் ஒளிந்திருந்த சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் பெயர் பேப்பரில் வராத நாளே இல்லை என்றானபோது அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். 2000 ஜூலை 30 இரவு தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டு, 108 நாள் கழித்து விடுவிக்கப்படும் வரை, பெரியப்பா மைசூர் லோடு எடுத்தாலே பெரியம்மா சாமி அறையை விட்டு வெளியே வரமாட்டாள். எங்கள் பயம் அவ்வளவுதான்: வழியில் போகிறவர்களின் பயம். அந்தக் காட்டுக்குள்ளேயே இருந்த சோளகர்களும் ஊராளிகளும் என்ன பட்டார்கள் என்பது சமவெளியில் இருந்த எங்களுக்கு எட்டவில்லை. வீரப்பனுக்கும் அதிரடிப்படைக்கும் நடுவில் அவர்கள் நசுங்கினார்கள். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் 2004-இல் வந்தது. அதைப் படித்த பிறகு என் நினைவில் இருந்த அந்த ரோடு மாறிப்போனது. செக்போஸ்ட்டில் லாந்தர் விளக்கோடு எங்களுக்கு வழி விட்ட மனிதர், ஆசனூரில் தேன் விற்ற பெண், எல்லோரையும் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. காட்டை நினைத்து உருகுகிற எவரும் முதலில் அந்த மக்களை நினைக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

அதே 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்தது. ரோடு மறுபடி நிறைந்தது, முன்னைவிடப் பல மடங்கு. சத்தியமங்கலம் காடு 2008-இல் சரணாலயமானது, 2013-இல் புலிகள் காப்பகமானது. 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கிற இடம் அது. புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022-இல் உலக அளவில் விருதும் வாங்கியது. நாங்கள் புலியைத் தேடிப் போகும் வழியில் தாண்டிப் போன காடு அது.

காரப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் காத்து நிற்கின்றன என்று டிவியில் காட்டியபோது பெரியப்பா அதைப் பார்க்க மாட்டேன் என்று எழுந்துவிட்டார். உயரமாக லோடு ஏற்றியதும் கரும்பை ரோட்டில் தூக்கிப் போட்டதும் மனிதர்கள்தான். "ஆனையைக் கையேந்த வச்சுட்டாங்களே கண்ணு" என்றார். அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் கண்டதில்லை.

2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. பந்திப்பூரில் 2009-இலேயே வந்துவிட்டது. இன்று இரவு 9 மணிக்குப் பண்ணாரியில் பாதை மூடும், காலை 6 மணிக்குத் திறக்கும். உள்ளூர்க்காரர்களுக்கும் ஆம்புலன்சுக்கும் விலக்கு இருக்கிறது. ஆனாலும் தாளவாடியில் முட்டைக்கோசும் தக்காளியும் விளைவிக்கிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல், அவர்கள் போராடியது நியாயம். அப்படியிருந்தும் தடை இருக்க வேண்டும் என்பதே என் பக்கம். என் பால்யத்தின் மிகப் பெரிய இரவு அந்த ரோட்டில்தான் நடந்தது. அப்படியொரு இரவு இனி எந்தச் சூரமங்கலத்துப் பிள்ளைக்கும் வாய்க்காது. அது எனக்கு வலிக்கிறது. அந்தப் பெண் யானை இன்று எந்த விளக்குக்கு முன்னாலும் நின்று தன் கூட்டத்தைக் கடத்திவிட வேண்டியதில்லை. என் வலியைவிட அது பெரிது. அப்போது லாரியை விட்டு இறங்கி வெகுகாலமாகியிருந்த பெரியப்பாவிடம் தடையைப் பற்றிக் கேட்டேன். மைசூர் ரோட்டில் சோறு தின்ற மனிதர் எதிர்ப்பார் என்று நினைத்தேன். "ராத்திரி அதுக நடக்கட்டும் கண்ணு. பகலெல்லாம் நாமதான நடக்குறோம்" என்றார். அடுத்த வருஷம் போய்விட்டார்.

போன மாதம் பெரியப்பா மகன் காரில் பகலில் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் எண் எழுதியிருக்கிறது. பின் சீட்டில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கத்தி எண்ணிக்கொண்டே வந்தார்கள். பெரியப்பா அவற்றை எண்ணால் மட்டும் அறிந்தவரில்லை. ஒன்றில் பிரேக் போய்ப் பாறையில் சாய்த்து நிறுத்திய வண்டி, ஒன்றில் மழையில் மண் சரிந்து டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து அரிசி போட்டுப் பொங்கித் தின்ற இரவு, ஒன்றில் கிளீனர் பையன் ஒருவன் காலை இழந்தது. தெரிந்தவரை பிள்ளைகளுக்குச் சொன்னேன். பாதிக்கு மேல் எனக்கே தெரியாது. சங்ககிரியில் அந்தக் காலத்து மைசூர் லைன் டிரைவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள் என்று பெரியப்பா மகன் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு போகிறேன். ஆறாவது வளைவிலிருந்து கேட்க ஆரம்பிப்பதாக இருக்கிறேன்.