உப்பளத்தில் ஒரு கூந்தல் விசாரணை

முடி நீளமாக வளர என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவர்கள் நாட்டு மருந்துக் கடைக்குப் போவார்கள். அல்லது எண்ணெய் விளம்பரத்தில் முழங்கால் வரை கூந்தலைத் தொங்கவிட்டுக் கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நாம் இந்த வாரம் மரக்காணத்துக்குப் போய் வருவோம். உப்பு விளைகிற ஊருக்கும் கூந்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று புருவத்தை உயர்த்துகிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. அதுவும் இரண்டு விதத்தில்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் மரக்காணம் வந்துவிடும். விழுப்புரம் மாவட்டத்து ஊர். இன்னும் முக்கால் மணி நேரம் போனால் புதுச்சேரி. காரில் போகிறவர்கள் பெரும்பாலும் புதுச்சேரி ஞாபகத்திலேயே போய்விடுகிறார்கள். ஆனால் சாலையின் ஓரத்தில் திடீரென்று மரம் செடிகள் மறைந்து, வானம் தரையில் வந்து படுத்துக் கொண்ட மாதிரி ஒரு வெளி விரியும். கட்டம் கட்டமாகத் தண்ணீர். வரப்புகளின் மேல் வெள்ளை வெளேரென்று அம்பாரங்கள். அந்த இடத்தில் ஐந்து நிமிஷமாவது இறங்கிப் பாருங்கள்.

மரக்காணம் பழைய ஊர். சங்க இலக்கியத்தில் சொல்லப்படும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இங்குள்ள பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வடக்கே ஆந்திராவிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய்க்கு இந்தப் பக்கம்தான் தென்கோடி. 1875 முதல் 1880 வரை சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்தக் கால்வாயில், ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. ஊருக்குத் தெற்கே கழுவெளி ஏரி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள். 2021-ல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு விளைகிற விதம்

உப்பளத்தில் அவசரம் என்பதே செல்லாது. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளைச் சீர் செய்து, களிமண் தரையை மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தளம் போல் இறுக்குகிறார்கள். பிறகு உவர்நீரைப் பாய்ச்சுகிறார்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அடர்த்தியை அளக்கும் போமே கணக்கில் அது மூன்று, மூன்றரை டிகிரிதான். வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச உறிஞ்ச, பாத்திக்குப் பாத்தி அடர்த்தி ஏறும். 25 டிகிரியைத் தொட்ட பிறகுதான் சமையல் உப்பு படியத் தொடங்கும். 29, 30-க்கு மேல் விட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து படிந்து சரக்கைக் கெடுத்துவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும்.

பலகையால் உப்பை வாருகிறார்கள். வாரிய உப்பைக் கூடையில் நிரப்பி, தலையில் சும்மாடு வைத்து, வழுக்கும் வரப்பின் மேல் நடந்து கொண்டு போய் அம்பாரத்தில் கொட்டுகிறவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். மேலே வெயில், கீழே வெள்ளைத் தரையிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அதைப் போல ஒன்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பெண்களின் தலையைக் கவனியுங்கள். முந்தானையோ பழைய துணியோ இறுகச் சுற்றியிருக்கும். உள்ளே கூந்தல் கொண்டையாக முடிந்திருக்கும். "இது என்ன அலங்காரமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். வெயிலிலிருந்தும் உப்பிலிருந்தும் தலையைக் காக்கும் ஏற்பாடு அது. நம் வீட்டுப் பெண்கள் தெரிந்து கொள்ள வேண்டிய முதல் பாடமும் அதில்தான் இருக்கிறது.

மாதம் ஒரு சென்டிமீட்டர்

"அம்மா, எதிர் வீட்டுக் கமலாவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிறதே, எனக்கு மட்டும் ஏன் தோளிலேயே நின்றுவிட்டது?" என்று உங்கள் மகள் கேட்டிருப்பாள். "உனக்கு வளர்த்தியே கம்மிடீ!" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அது உண்மைதானா என்று பார்த்துவிடலாம்.

மனிதர் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. சிலருக்குக் கொஞ்சம் கூட, சிலருக்குக் கொஞ்சம் குறைய. தலைக்குச் சாயம் பூசுகிறவர்களைக் கேளுங்கள். பூசி ஒரு மாதம் ஆவதற்குள் வேரடியில் ஒரு சென்டிமீட்டர் வெள்ளை எட்டிப் பார்த்து மானத்தை வாங்கிவிடும்! ஆகவே உங்கள் மகளின் முடியும் வளர்ந்து கொண்டுதான் இருக்கிறது. வளர்ந்தது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு முடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. இரண்டு முதல் ஆறு வருஷம் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு உதிரும். அதே குழியிலிருந்து புது முடி கிளம்பும். உப்பளத்துக்கு மழைக்கால ஓய்வு இருப்பது போல வைத்துக் கொள்ளுங்களேன். தலையில் பத்தில் ஒரு பங்கு முடி எப்போதும் இந்த ஓய்வில்தான் இருக்கிறது. தினம் ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயற்கை. சீப்பைப் பார்த்து அலற வேண்டியதில்லை.

கணக்குப் போடுங்கள். முடியின் வளரும் காலம் மூன்று வருஷம் என்றால் அது எட்டக்கூடிய நீளம் 36 சென்டிமீட்டர்தான். ஆறு வருஷம் என்றால் 72. தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். இந்த ஆயுளைப் பெரும்பாலும் பரம்பரை நிர்ணயிக்கிறது. கமலாவின் பாட்டியைப் பார்த்தால் கமலாவின் ஜடை ரகசியம் தெரிந்துவிடும்.

கின்னஸ் புத்தகத்தில் இரண்டு பெண்மணிகள் இருக்கிறார்கள். சீனாவின் ஷீ சியூபிங் 1973-ல், பதின்மூன்று வயதில், முடி வெட்டுவதை நிறுத்தினார். 2004-ல் அளந்தபோது 5.627 மீட்டர்! நம் உத்தரப் பிரதேசத்தின் ஸ்மிதா ஸ்ரீவாஸ்தவா பதினான்கு வயதிலிருந்து வெட்டவில்லை. 2023-ல், நாற்பத்தாறு வயதில், அவர் முடி 236.22 சென்டிமீட்டர். இருவரும் வளர்த்த காலம் ஏறக்குறைய ஒன்றுதான், முப்பத்தோரு வருஷமும் முப்பத்திரண்டு வருஷமும். நீளத்தில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். உலக சாதனை படைத்தவர்களிடையிலேயே இப்படி என்றால், நம் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து ஏங்குவதில் அர்த்தம் உண்டா?

வெளியே இருந்து வரும் பகை

வளர்ந்த முடி இரண்டு வழியில் தொலைகிறது. ஒன்று உதிர்வது, மற்றொன்று ஒடிவது. எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் நடுவில் ஒடிந்தது.

"வளரவே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்களில் பலருக்கு ஒடிவதுதான் காரணம். மேலே ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் கீழே ஒரு சென்டிமீட்டர் ஒடிகிறது. நீளம் எப்படிக் கூடும்? வெயில் முடியின் புரதத்தைக் கெடுக்கிறது. கடல் நீர் காய்ந்தால் உப்பு முடியின் மேலேயே தங்கி அதை வறட்டிச் சொரசொரப்பாக்குகிறது. ஈர முடி எளிதில் இழுபட்டு ஒடியும். தலையைச் சுற்றித் துணி கட்டி, கூந்தலை முடிந்து வைத்து வேலைக்கு இறங்கும் உப்பளத்துப் பெண்கள் இந்தப் பகையைத்தான் தடுக்கிறார்கள். கடற்கரைக்குச் சுற்றுலா போய் அலையில் குளித்துவிட்டு, தலையை விரித்துப் போட்டு வெயிலில் காய வைக்கிறோமே, நாம் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும். கடலில் குளித்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். தினமும் இழுத்துப் பின்னுவதும் வேண்டாம். அது நெற்றியோரத்து முடியை வேரோடு தளர்த்திவிடும்.

எண்ணெய் வைக்கலாமா? வைக்கலாம். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆராய்ச்சி காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அந்தப் பரீட்சையில் தேறவில்லை. ஆக, பாட்டி சொன்னது சரிதான். ஆனால் எண்ணெய் செய்வது காவல் வேலை. வேர் வளரும் வேகத்தை எந்தத் தைலமும் கூட்டியதாக உறுதியான சான்று இல்லை. நுனியை வெட்டினால் வேகமாக வளரும் என்பதும் அப்படித்தான். நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது. பிளந்த நுனியை வெட்டினால் பிளவு மேலே ஏறாது, அவ்வளவே.

உள்ளே இருந்து வரும் பஞ்சம்

குமிழோடு கற்றை கற்றையாக உதிர்கிறது என்றால் சங்கதி வேறு. அப்போது தலையை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்க வேண்டும். கடும் ஜுரம், பிரசவம், பட்டினி விரதம் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம். பெரும்பாலும் தானே திரும்பி வரும். திரும்பாவிட்டால் இரண்டு பேர் மேல் சந்தேகம் போக வேண்டும். ஒன்று இரும்புச் சத்துக் குறைவு. மற்றொன்று தைராய்டு சுரப்பியின் மந்தம்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. பாதிக்கு மேல்! உடம்புக்குச் சத்துப் பஞ்சம் வந்தால் இதயமும் மூளையும் முதலில் காப்பாற்றப்படும். கூந்தல் கடைசிப் பந்திதான். பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது, முடி கொட்டுகிறது என்றால், அம்மா முந்நூறு ரூபாய்த் தைலம் வாங்குகிறாள். அந்தப் பணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசே கேட்க மாட்டார்கள்.

தைராய்டுக்கு வேண்டியது அயோடின். உப்புக்கும் கூந்தலுக்கும் உள்ள இரண்டாவது சம்பந்தம் இதுதான். கடலில் அயோடின் உண்டு. ஆனால் பாத்தியில் காய்ந்து வரும் உப்பில் நமக்குப் போதுமான அளவு நிற்பதில்லை. ஆகவே தனியாகச் சேர்க்கிறார்கள். 1956-ல் தொடங்கிய ஆய்வில் டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் இமயமலையடிக் காங்ரா பள்ளத்தாக்கில் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்து, கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். 1962-ல் அது தேசியத் திட்டமாயிற்று. 2006 முதல் உண்ணும் உப்பாக அயோடின் சேராததை விற்கத் தடை. வாங்குகிறவர் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. உப்போடு இரும்பையும் சேர்க்கும் முறையை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கண்டது. நம் தமிழ்நாடு உப்புக் கழகம் அந்த இரட்டைச் சத்து உப்பைத் தயாரித்து, 2014-ல் கடைகளுக்கும் கொண்டு வந்தது.

அதற்காக நாளை முதல் சாம்பாரில் இரண்டு கரண்டி உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள்! பெரியவர்களுக்கு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு அதே, பொட்டலத்தில் அயோடின் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கீரை, பயறு, முட்டை, மீன் சேருங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அந்த இரும்பில் ஒரு பங்கு வீணாகும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் ஜடையின் நீளத்தைப் பார்த்த காலம் உண்டு. அதற்காகச் சவுரி வைத்துப் பின்னி உட்கார வைத்ததும் உண்டு. முப்பத்தாறு சென்டிமீட்டரில் நிற்கும் கூந்தல் எந்தப் பெண்ணின் குற்றமும் அல்ல. அவள் பாட்டி கொடுத்த சீதனம். ஆனால் நேற்று வரை அடர்த்தியாக இருந்த கூந்தல் இன்று மெலிந்தால், அது அவள் வாய்விட்டுச் சொல்லாத ஏதோ ஒரு களைப்பைச் சொல்கிறது. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் பெண்ணின் தலையில்தான் அது பெரும்பாலும் நடக்கிறது.

மரக்காணத்துக்குப் போக நல்ல காலம் மாசி முதல் ஆனி வரை. விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறுமுன் வேலை மும்முரமாக நடக்கும். தலையில் கூடையோடு எதிரே வரும் பெண்ணுக்கு வரப்பில் வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வீடு திரும்பியதும், இன்று இரவு உங்கள் வீட்டுப் பெண்மணியை முதல் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள். கூந்தலுக்கு அதைவிட நல்ல தைலம் கடையில் கிடைக்காது.