நொவிஸிலிருந்து எலிமென்டரிக்கு

என் மச்சாள் இந்த வருசம் நொவிஸிலிருந்து எலிமென்டரிக்கு ஏறியிருக்கிறா. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "34 வயசில என்னத்துக்கு எலிமென்டரி ஸ்கூல்?" என்று கேட்டா. ஆகவே கொஞ்சம் முன்னுக்கிருந்தே சொல்ல வேண்டும்.

மச்சாள் என்றால் பெரிய மாமாவின் மகள். 10 வயசில் இங்கிலாந்துக்குப் போனவ, இப்ப அங்கே ஒரு பாமசியில் வேலை. கிழமையில் மூன்று நாள் வேலை முடிய ஒரு குதிரை லாயத்துக்குப் போறா. குதிரை அவவுடையது இல்லை. சொந்தக்காரி வேறொரு மனுசி. மாதாமாதம் ஒரு பங்கு காசைக் கட்டி, அந்த மூன்று நாளும் மச்சாள் அதை ஓடுறா, உடம்பு தேய்க்கிறா, சாணி அள்ளுறா. அங்கே இதற்கு 'ஷெயார்' என்று பேர். அந்தக் குதிரையோடு அவ போட்டிக்குப் போவது ட்ரெஸாஜ் என்ற விளையாட்டில்.

குதிரை என்றால் எனக்குத் தெரிந்தது நெடுந்தீவுக் குதிரைகள்தான். கம்பஸில் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒருக்கா படகேறிப் போனபோது பார்த்தது. மெலிஞ்சு, புழுதி படிஞ்சு, ஆட்களைக் கண்டால் விலகிப் போகிற குதிரைகள். அதனால் மச்சாள் முதன்முதல் வீடியோ அனுப்பியபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. பாய்ச்சலும் இல்லை, பந்தயமும் இல்லை. ஒற்றைக் குதிரை மணல் தரையில் வட்டம் போடுது, திரும்புது, நிக்குது. முடிவில் மச்சாள் ஒரு கையை இறக்கி, தலையைக் குனிஞ்சு வணக்கம் சொல்றா. ஆருக்கு? நிப்பாட்டி வைத்த ஒரு காருக்கு!

காருக்குள் நடுவர் இருக்கிறாராம். ஊர்ப்பக்கத்துச் சின்னப் போட்டிகளில் அப்படித்தான். மழைக்கும் குளிருக்கும் அது வசதி. அவர் ஹோர்ன் அடித்தால் தொடங்கலாம். பக்கத்தில் இன்னொருவர் இருந்து, அவர் சொல்லச் சொல்லப் புள்ளியையும் குறிப்பையும் தாளில் எழுதுவார். மைதானம் 20 மீற்றர் அகலம், 40 அல்லது 60 மீற்றர் நீளம். சுற்றிவர எழுத்துகள். சின்ன மைதானத்தில் ஏயில் தொடங்கிச் சுற்றினால் ஏ, கே, ஈ, எச், சீ, எம், பீ, எஃப் என்று வரும். இந்த ஒழுங்கு ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எந்த எழுத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது முன்னமே அச்சடித்து வந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், அதுவும் முதலே வெளியான வினாத்தாள். ஒவ்வொரு அசைவுக்கும் 0 தொடக்கம் 10 வரை புள்ளி. எல்லாம் கூட்டிக் கடைசியில் ஒரு வீதமாக வரும்.

இதில் என் பங்கு வாசிப்பது. பிரித்தானியாவின் சாதாரணப் போட்டிகளில் ஒருவர் வெளியே நின்று அந்த வரிசையை உரத்து வாசிக்கலாம். போட்டியன்று அதைச் செய்வது மச்சாளின் சிநேகிதி. ஒத்திகைக்கு நான். அங்கே இரவு ஏழு மணி, இங்கே பதினொன்றரை. அவ வரவேற்பறைக் கம்பளத்தில் நிற்பா, நான் வட்ஸ்அப்பில் ஃபோட்டோவைப் பெரிசாக்கி வாசிப்பன். "ஏயில உள்ள வாங்கோ. சீயில இடப்பக்கம். ஈயில 10 மீற்றர் வட்டம்." அவ சோஃபாவைச் சுற்றித் தன் காலாலேயே ட்ரொட் போவா. என் அறைத்தோழி முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தவ.

படிகள் கன இருக்கு. இன்ட்ரோ, பிரிலிம், நொவிஸ், எலிமென்டரி, மீடியம், அட்வான்ஸ்ட் மீடியம், அட்வான்ஸ்ட். அதற்கு மேலே சர்வதேசப் படிகள். உச்சியில் கிராண்ட் ப்ரீ, அதாவது ஒலிம்பிக்கில் நாங்கள் பார்ப்பது. நொவிஸ் கீழிருந்து மூன்றாவது, எலிமென்டரி நாலாவது. ஒரு படிதானே என்று நானும் கேட்டன். மச்சாள் ஒரு அசைவை எடுத்து விளங்கப்படுத்தினா.

குதிரைக்கு மூன்று நடை. வோக் நாலு தாளம், ட்ரொட் இரண்டு, கன்டர் மூன்று. கன்டரில் ஒரு பக்கத்து முன்னங்கால் முன்னுக்குப் போகும். இடப்பக்கம் திரும்பும்போது இடது கால், வலப்பக்கம் என்றால் வலது. திசை மாறினால் காலும் மாற வேண்டும். நொவிஸில் கன்டரை ட்ரொட்டுக்கு இறக்கி, கொஞ்ச அடி போய், மற்றக் காலில் திரும்பக் கன்டர் எடுக்கலாம். அந்த ட்ரொட் ஒரு பாலம் மாதிரி. எலிமென்டரியில் பாலம் இல்லை. கன்டரிலிருந்து நேரே வோக், தெளிவான மூன்று தொடக்கம் ஐந்து அடி, பிறகு நேரே மற்றக் காலில் கன்டர். இதற்குப் பேர் 'சிம்பிள் சேஞ்ச்'. இது சிம்பிள் என்றால் கஷ்டமானது எப்படி இருக்கும் என்று கேட்டன். பதில் இல்லை, சிரிப்புத்தான்.

பாலத்தை எடுத்துவிட்டால் குதிரை தன் பாரத்தைப் பின்னங்காலில் தாங்க வேண்டும். முன்பக்கம் லேசாக வேண்டும். அதைத் தசைதான் செய்யும், தசை வருவதற்கு மாதக்கணக்கு, சிலவேளை வருசக்கணக்கு எடுக்கும். அதட்டியோ அடித்தோ கொண்டுவர முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஷார்லட் டுஜார்டின், 2024 பரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு ஒதுங்க வேண்டி வந்தது. பயிற்சியில் ஒரு குதிரையின் காலில் அவர் சவுக்கால் திரும்பத் திரும்ப அடிக்கும் வீடியோ வெளிவந்ததுதான் காரணம். பிறகு ஒரு வருசத் தடை. அந்தக் கிழமை மச்சாள் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. "மேல ஏற ஏற இது எங்கட விளையாட்டு, குதிரையின்ர இல்லை எண்டு மறந்து போகும் போல" என்று மட்டும் சொன்னா.

அவவின் குதிரைக்கு 15 வயசு. குளிர் காலத்தில் காலை விறைத்துக்கொண்டு வரும், 20 நிமிசம் நடக்க விட்டால்தான் இளகும். எலிமென்டரிக்கு ஏற முன்பு மச்சாள் கேட்டது மூன்று பேரிடம்: சொந்தக்காரி, படிப்பிக்கிறவ, மிருக வைத்தியர். தனக்குத் தானே ஒரு நிபந்தனையும் வைத்தா. "அவனுக்கு ஏலாது எண்டால் நான் இறங்கிடுவன்."

இந்த 'இறங்கிடுவன்'தான் எனக்குப் புதுசு. எங்களுக்குத் தெரிந்த படிகள் வேறு மாதிரி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல்., இசற் புள்ளி. எல்லாம் அரிதட்டு. மேலே நிற்கிறவன் பிழைத்தான், விழுந்தவனைப் பற்றிக் கதையில்லை. வடஇலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு நானும் நாலாம் தரம் வரை வாய்ப்பாட்டுப் பாடினவள். அங்கேயும் சித்தி என்றால்தான் அடுத்த தரம். மச்சாளின் உலகத்தில் உங்களை ஒருவரும் மேலே ஏற்றி விடுவதில்லை. நொவிஸில் 65 வீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்தால் ஏறலாம் என்று ஆட்கள் சொல்வார்கள். அது கைக்கணக்கு, சட்டமில்லை. விண்ணப்பத்தில் எந்தப் படி என்று எழுதுவது நீங்கள்தான். காலம் முழுக்க நொவிஸில் இருந்தாலும் ஆரும் பெயில் என்று சொல்லப் போவதில்லை.

ஆனால் இந்த விளையாட்டு எப்பவும் இப்படி இருக்கவில்லை. ஒலிம்பிக்கில் ட்ரெஸாஜ் 1912இல் ஸ்டொக்ஹோமில் தொடங்கியது. 1952 வரை அதில் இராணுவத்தில் அதிகாரி அல்லாதவர்கள் ஓட முடியாது. 1948இல் சுவீடன் அணி தங்கம் எடுத்தது. அணியில் இருந்த யேனல் பெர்சன் உண்மையில் சார்ஜன்ட். போட்டிக்காக மட்டும் அதிகாரியாகப் பதவி உயர்த்தி, முடிய இறக்கி விட்டார்கள். அது தெரிய வந்து அடுத்த வருசம் தங்கத்தைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். அதே குதிரை, அதே ஓட்டம், தோளில் பட்டி மட்டும்தான் குறை. 1952இல் சட்டம் மாறியது. பெர்சன் சார்ஜன்டாகவே வந்து அணியோடு தங்கம் எடுத்தார். பெண்களும் அந்த வருசம்தான் வந்தார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்டல், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், ஆண்களோடு ஒரே மைதானத்தில் ஓடி வெள்ளி வென்றார். இன்றைக்கும் ட்ரெஸாஜில் ஆண், பெண் என்று தனித்தனிப் போட்டி இல்லை.

இதெல்லாம் எங்கள் சொந்தக்காரருக்குத் தேவையில்லை. அவர்களுக்கு ஒரே கேள்விதான்: "அதால என்ன கிடைக்கும்?" கிடைப்பது ஒரு ரிப்பன் பூ. காசு இல்லை. 2022இல் இங்கே காஸுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற காலத்தில் மச்சாள் எங்களுக்கும் இன்னும் இரண்டு வீட்டுக்கும் மாதம் தவறாமல் அனுப்பினவ. அப்பவும் ஒரு சித்தப்பா, "குதிரைக்குக் கொட்டுற காசை இன்னும் நாலு பேருக்குக் குடுக்கலாமே" என்றவர். அதே சித்தப்பாவின் மகன் லண்டனில் பழைய மாணவர் கிரிக்கெட்டுக்கு ஒவ்வொரு கோடையும் செலவழிக்கிறான். அதை ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. கலியாணம் கட்டாத ஒரு பெண் தன் காசையும் பின்னேரங்களையும் தனக்குப் பிடித்த ஒன்றுக்குக் கொடுப்பதுதான் கண்ணைக் குத்துது.

குதிரை பணக்காரரின் பொழுதுபோக்கு, வெள்ளைக்காரரின் மரபு என்று நானும் மச்சாளோடு வாதாடியிருக்கிறன். அதை அவ மறுப்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் குதிரை பாய்ந்த மட்டில்டா கார்ல்சன்கூட, இங்கே பிறந்து சுவீடனில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். இங்கேயே வளர்ந்திருந்தால் அது நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறன். "அதுக்காக நான் விடவேணுமோ, இல்லாட்டி இன்னும் கொஞ்சப் பேர் வரவேணுமோ?" என்று மச்சாள் கேட்டா. நான் இன்னும் யோசிக்கிறன்.

முதல் எலிமென்டரிப் போட்டியில் அவவுக்கு 57 வீதம். நொவிஸில் 67 எடுத்துக்கொண்டிருந்த ஆள். தாளின் ஃபோட்டோ வந்தது. இரண்டு சிம்பிள் சேஞ்சுக்கும் 4. 4 என்றால் 'போதாது'. பக்கத்தில், இடையில் ட்ரொட் புகுந்துவிட்டது என்று குறிப்பு. வட்டங்களுக்கு 6, கடைசி நிற்றலுக்கு 7. ஒரு கிழமை இதைப் பற்றி அழுவா என்று நினைத்தன். அவவோ அந்த 4ஐப் பிடித்துக்கொண்டா. வரவேற்பறையில் சோஃபாவைச் சுற்றாமல், அடியை மட்டும் எண்ணப் பழகினா. அரை மணித்தியாலம் நான் எழுத்து வாசிக்கவே இல்லை, "ஒண்டு, ரெண்டு, மூண்டு, போங்கோ" என்று மட்டும் சொன்னன். மூன்றாவது போட்டியில் ஒன்றுக்கு 5, மற்றதுக்கு 6. மொத்தம் 61. 5 என்றால் அந்த அளவுகோலில் 'போதும்' என்று அர்த்தம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஐந்து எடுத்தால் ஒருவரும் 'போதும்' என்று சொன்னதில்லை.

எனக்கும் இந்த மாதம் ஒரு படிவம் நிரப்ப இருந்தது. கலைப்பீடத்தில் பொதுப் பட்டம் என்றால் மூன்று வருசம், சிறப்புக் கற்கை என்றால் நாலு, ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். வரலாற்றில் என் புள்ளி சிறப்புக்குப் போதும், ஆனால் முதல் வகுப்பு வரும் என்று சொல்லக்கூடிய புள்ளி இல்லை. அப்பா, "மூண்டு வருசத்தில முடிச்சிட்டு வேலைக்குப் போகலாமே, ஆர்ட்ஸில சிறப்புச் செய்து என்ன கிடைக்கும்?" என்றார். சித்தப்பாவின் அதே கேள்வி. அப்பா அன்பில் கேட்கிறார், அவர் கையில் காசும் இல்லை, அதனால் அதைச் சும்மா தள்ளவும் முடியாது. இரண்டு நாள் கதைத்தோம். நாலாவது வருசச் செலவுக்கு ரியூஷன் குடுத்துச் சமாளிப்பன் என்று கணக்குப் போட்டுக் காட்டினன். அவர் தாளைக் கனநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

சிறப்பு என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டுக் குடுத்திட்டன். முதல் ஆய்வு முன்மொழிவுக்கு 4 வரலாம். வந்தால் எங்கே ட்ரொட் புகுந்தது என்று பார்க்க வேண்டியதுதான்.