குளிரில்லாத ஊரின் ஊசிவேலை

வடதுருவக் கடலில் செல்லும் உல்லாசக் கப்பலில் குழுவாக அமர்ந்து கம்பளி பின்னும் விடுமுறைப் பயணங்களுக்கும், பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 1 பாகை வடக்கே ஆண்டு முழுவதும் வியர்க்கும் சிங்கப்பூருக்கும் தொடர்பு குறைவு என்றே தோன்றும். ஆயினும், பனி உருகுவதால் உயரும் கடல்மட்டமும் வடக்கே திறக்கும் கப்பல் வழிகளும் தாழ்வான துறைமுகத் தீவொன்றைத் தொடாமல் விடா என்பதால், அந்நாடு 2013 முதல் ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளராக இருந்துவருகிறது.

கப்பல் கரைதொடாமல் ஓடும் நாட்களே பின்னலுக்கு உகந்தவை. நார்வேயின் செல்பு ஊர்க் கையுறைகளில் உள்ள எட்டிதழ் விண்மீன் போன்ற கோலங்களைப் பின்னும்போது, முன்புறம் வேண்டாத நிறத்து நூல் துணியின் பின்புறமாகவே இழுத்துச் செல்லப்படுகிறது; அதனால் துணி இரட்டைத் தடிப்புப் பெற்று, இழைகளுக்கிடையே காற்றைத் தேக்கிக் குளிரைத் தடுக்கிறது. அந்த நூலை இறுக்கினால் துணி சுருங்கும், தளரவிட்டால் அணியும்போது விரல் மாட்டும் என்பதால், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துக் கற்பதே எளிது.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கம்பளிக்கு வேலையில்லை. அங்குள்ள தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில், துணிக்கடைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் தையற்காரர்களின் கையில் புழங்குபவை ரவிக்கையும் சுடிதாருமே. குளிர் என்ற காரணம் இல்லாத ஊரில் கூடியமர்ந்து ஊசி பிடிப்பது எதற்காக என்ற கேள்விக்கு இந்நகரின் வரலாற்றிலேயே விடை உண்டு. அவ்விடை விடுமுறையில் பிறந்ததன்று.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின், சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட குடிமக்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டதால், மனைவியின் நிலை கணவனுக்கும் கணவனின் நிலை மனைவிக்கும் தெரியாமற்போயிற்று. அங்கே கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனி என்பவரின் முயற்சியில், தனித்தனித் துணிச் சதுரங்களில் பூத்தையல் செய்து பின்னர் ஒன்றாக இணைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகள் மூன்று உருவாயின. போர்வைக்கு 66 சதுரங்கள். ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரையும் தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் தன் சதுரத்தில் தைத்தார். காயமுற்ற படைவீரர்களுக்கென மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட அவற்றின் வழியே, பெயர் தாங்கியவர் உயிரோடிருக்கும் செய்தியும் வெளியே சென்றது. நீல நாடா கட்டிய முயல்குட்டியைத் தைத்து, மகன் பிறந்திருப்பதை ஒரு தாய் கணவனுக்குத் தெரிவித்ததாகச் சொல்லப்படுகிறது. அதே சிறையில் சாரணச் சிறுமியர், தங்களை வழிநடத்திய எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்காக, கிடைத்த துணித்துண்டுகளை அறுகோணங்களாக வெட்டி மற்றொரு போர்வையைத் தைக்கத் தொடங்கினர்.

சிறையையும் உல்லாசக் கப்பலையும் ஒருதட்டில் வைப்பது அப்பெண்களுக்கு இழைக்கும் அநீதி. எனினும், வெளியேற முடியாத இடத்தில் நீளும் பொழுதைப் பிறரோடு பகிர்ந்து தாங்குவதற்குக் கைவேலை எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று சிங்கப்பூரில் அரிது.

அந்த மூன்று ஒட்டுத்துணிப் போர்வைகளில் ஒன்று காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கானது. அதன் பின்புறத்திலும் அவர்தம் துன்பத்துக்கான அனுதாபமே தைக்கப்பட்டுள்ளது. இன்று கான்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ள, ஆஸ்திரேலிய வீரர்களுக்கான போர்வையின் பின்புறத்திலோ, போர் ஓய்ந்தபின் அது அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர வேண்டும் என்ற விருப்பத்தோடு, அதைத் தண்ணீரில் நனைக்காமல் உலர்சலவை செய்வது நல்லது என்ற அறிவுரையும் நூலால் எழுதப்பட்டிருக்கிறது.