சாந்திநிகேதனில் ஒரு சந்தாலிக் கதை

ஹௌராவிலிருந்து போல்பூருக்கு ரயிலில் சுமார் 150 கி.மீ. வழியில் பெட்டிக்குள் ஏறிய பாவுல் பாடகர் ஏக்தாராவை மீட்டிப் பாடி முடித்துச் சில்லறை வாங்கிக்கொண்டு நகர்ந்தபோது, ஜன்னலுக்கு வெளியே வண்டல் வயல்கள் போய்ச் செம்மண் வந்திருந்தது. சாந்திநிகேதனுக்கு நான் போனது தாகூரைத் தேடி அல்ல. விஸ்வபாரதி வளாகத்தில் சந்தாலி மொழி எழுத்தாளர் ஒருவர் பேசுகிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார்.

கூட்டம் மாலையில். அதுவரை ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். நம்மூரில் ஏழிலைப்பாலை எனப்படும் மரத்துக்கு இங்கே சாத்திம் என்று பெயர். அதன் நிழலில் மயங்கித்தான் தேவேந்திரநாத் தாகூர் 1863-ல் இந்த நிலத்தை எடுத்தார் என்பார்கள். அவர் மகன் ரவீந்திரநாத் 1901-ல் ஐந்து மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி, 1921-ல் விஸ்வபாரதி ஆயிற்று. 1951-ல் மத்தியப் பல்கலைக்கழகம். 2023-ல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கலா பவனில் நின்றுவிட்டேன். ராம்கிங்கர் பைஜ் 1938-ல் சிமென்டும் செம்மண் சரளையும் கலந்து செய்த 'சந்தால் குடும்பம்' ஆளுயரத்தைத் தாண்டி எழுந்து நிற்கிறது. காவடி சுமக்கும் ஆண், தலைச்சுமையுடன் பெண், குழந்தை, கூடவே ஒரு நாய். மன்னர்களுக்கும் தலைவர்களுக்கும் சிலை வைக்கும் நாட்டில், பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பத்துக்கு ஒரு சிலை. பைஜும் பாங்குராவின் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அரங்கம் சிறியது. எழுத்தாளர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, மாணவர்களுக்கு 'தீதி'. முன்னுரை எதுவுமின்றிச் சந்தாலியில் ஒரு கதையைப் படிக்கத் தொடங்கினார். சில நிமிடங்களில் வராந்தாவிலிருந்து சிரிப்புச் சத்தம். தேநீர் கொண்டுவந்த பெண்கள், தட்டுகளை இடுப்பில் அணைத்தபடி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தனர். நாற்காலிகளில் இருந்த எங்களில் பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வங்காள மொழிபெயர்ப்பு படிக்கப்பட்டதும் அரங்கம் சிரித்தது. மாணவர் என் காதில் ஆங்கிலத்தில் சொன்ன பிறகு நான் சிரித்தேன். கதை இதுதான்: பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு சந்தால் சிறுமியின் பெயரைத் தன் நாக்குக்கு வசதியாக மாற்றி எழுதிவிடுகிறார். அவள் வீட்டுக்குப் போய்த் தன் ஆட்டுக்குட்டிக்கு வாத்தியாரின் பெயரை வைத்துவிடுகிறாள்.

வங்காளத்தில் எழுதினால் நிறையப் பேர் படிப்பார்களே என்றான் ஒரு மாணவன். அப்படித்தான் பல ஆண்டுகள் எழுதினேன், பாராட்டும் கிடைத்தது என்றார் அவர். ஒருநாள் சந்தாலியில் எழுதியதைத் தாயாருக்குப் படித்துக் காட்டியபோது அந்த அம்மாள் பாதியில் நிறுத்தி, ஒரு சொல் தவறு என்று திருத்தினாராம். தனக்கு உண்மையான வாசகர் கிடைத்தது அன்றுதான் என்றார்.

வாசகரைத் தேடுவதும் எளிதல்ல. 2011 கணக்கெடுப்பின்படி சந்தாலி பேசுவோர் 73 லட்சத்துக்கும் மேல். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வங்காளம், ஒடியா, தேவநாகரி, ரோமன் என்று எழுத்து வேறுபட்டது. ஓரிடத்தில் அச்சான புத்தகம் இன்னோரிடத்துச் சந்தாலுக்குப் புரியாத கோடுகள். மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு 1925-ல் 30 எழுத்துகள் கொண்ட ஒல் சிக்கியை உருவாக்கியது இதற்காகத்தான். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சந்தாலி இடம்பெற 2003-ம் ஆண்டு சட்டத்திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் மொழியை எந்த எழுத்தில் எழுதுவது என்று ஒருநாளும் யோசித்திராத எனக்கு, அந்த நாற்காலியில் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் அந்தச் சிலையைப் பற்றிக் கேட்டேன். சிலை பிடிக்கும் என்றார். செய்தவர் பெயரும் ஆண்டும் எல்லோருக்கும் தெரியும். சுமை தூக்கி நடக்கும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை. அதனால் தன் அடுத்த கதையில் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். என்ன பெயர்? புத்தகம் வந்ததும் படித்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தார்.

வெளியே இருட்டிவிட்டது. வராந்தாவில் அந்தப் பெண்கள் காலிக் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தனர். ஒருத்தி ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல் வாத்தியாரின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள். இம்முறை எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.