வில்லில் எழுதிய ஆண்டு

பழம்பொருளொன்று கைக்கு வந்தவுடன் மனிதனின் உள்ளத்தில் எழும் வினாக்கள் இரண்டு. இதன் வயது என்ன? இதன் விலை என்ன? முன்னதற்கு விடை காணும் பொறுமை இல்லாதவன் பின்னதற்குத் தவறான விடையையே பெறுகின்றான்.

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் இக்காட்சி அரிதன்று. பாட்டனார் மறைந்த பின் பேரன் பரணைத் துப்புரவு செய்கின்றான். பழந்துணிச் சுருளுக்குள் ஒரு வேட்டை வில் கிடைக்கின்றது. அதன் இரு நுனிகளும் எய்பவனுக்கு எதிர்ப்புறமாக வளைந்திருக்கின்றன. ‘ரீகர்வ்’ எனப்படும் எதிர்வளை வில் அது. அதன் மீது ‘கனடா 1953’ என்ற எழுத்துகள் தெரிகின்றன. “1953ஆம் ஆண்டு வில்!” என்று அவன் துள்ளுகின்றான். பெருந்தொகை ஒன்று அவன் மனக்கண்ணில் தோன்றுகின்றது.

ஆனால், அவன் படித்தது வில் பிறந்த ஆண்டன்று. பிரெட் பேர் என்னும் புகழ்பெற்ற வில்வேட்டைக்காரர் 1933இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கிய நிறுவனத்தின் வில் அது. அதன் அமைப்புக்குக் கனடாவில் கிடைத்த காப்புரிமையின் ஆண்டே 1953. அதன்பின் பல ஆண்டுகள் செய்யப்பட்ட விற்களிலும் அதே எண் பொறிக்கப்பட்டது. பழைய கல்வெட்டுக் கல்லைப் பின்னாளில் எடுத்துப் புதிய சுவரில் பதித்திருப்பதுண்டு. கல்லின் ஆண்டு சுவரின் ஆண்டாகிவிடுமோ?

உண்மையான வயதைக் கூற ஒரு சான்று போதாது. பல சான்றுகள் ஒத்துப்போக வேண்டும். கைப்பிடிப் பகுதியில் நாணயம்போல் பதித்த பதக்கம் முதற்சான்று. 1959இல் அது செம்பு, 1960களின் இடைப்பகுதியில் பித்தளை, 1970களின் தொடக்கத்தில் நிக்கல் வெள்ளி, அதன்பின் நெகிழி. ஊர்ப்பெயர் அடுத்த சான்று. தொழிற்சாலை 1947இல் கிரேலிங் நகருக்கும், 1978இல் புளோரிடாவின் கெயின்ஸ்வில் நகருக்கும் பெயர்ந்தது. ஆகவே கெயின்ஸ்வில் என்று எழுதிய வில் 1978க்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. இவற்றோடு வில்லின் வடிவத்தையும் மரத்தையும் அக்கால விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும்.

வயது தெரிந்தபின் விலை வருகின்றது. பழமை மட்டும் விலையாகாது. மரத்தகடுகளும் கண்ணாடி இழையும் பசையால் இணைந்தே இவ்வில் உருவாகின்றது. வெயிலில் நின்ற காருக்குள் கிடந்தால் பசை விட்டுப்போகும். சுவர் மூலையில் சாய்த்து வைத்தால் கை முறுக்கிக்கொள்ளும். விரிசல் கண்ட வில்லை நாணேற்றி இழுப்பது உயிருக்கே ஊறு. அதன் மீது எழுதிய இழுவிசை, 28 அங்குலம் இழுக்கும்போது எத்தனை ராத்தல் என்பதாகும். இழுக்க முடியாத வில்லை எய்பவர் நாடார். ஆலன் என்பார் உருளைகள் பொருத்திய கூட்டு வில்லுக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். அவ்வகை பரவியபின் எதிர்வளை வில் பல பரண்களில் உறங்கலாயிற்று.

இனி ஒரு பேராபத்து உண்டு. பேரன் உப்புத்தாளை எடுத்துப் பழைய மெருகைத் தேய்த்து, புதிய வார்னிஷ் பூச விரும்புகின்றான். அங்ஙனம் செய்தால் எண்களும் எழுத்துகளும் அழிந்துபோகும். சேகரிப்போர் மூல மெருகையே விரும்புவர். பளபளப்புக் கூடும், மதிப்புக் குறையும்.

கைப்பிடியில் பாட்டனாரின் உள்ளங்கை தேய்த்த பள்ளமும், அவர் கத்தியால் கீறிய பெயரெழுத்தும் இருக்கின்றன. சந்தை இவற்றைக் குறை என்று கணக்கிட்டு விலையைக் குறைக்கும். எனினும், ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட விற்களுள் இதனை அவருடைய வில் என்று அடையாளம் காட்டுபவை இவ்விரண்டுமே அன்றோ?

விற்பதோ வைத்திருப்பதோ அவன் விருப்பம். விற்க முடிவு செய்தால், ‘1953’ என்று கூறாமல், கண்ட சான்றுகளைக் கூறி விற்கட்டும். அந்த நேர்மையால் தொகை சற்றுக் குறையலாம். பாட்டனாரின் பெயரோ குறையாது.